கூடத்து விளக்குகள்: தேர்வும் அமைப்பும்

கூடத்துக்கு விளக்கு வாங்கப் புறப்படுவோர் பெரும்பாலும் விளக்கின் உருவத்தையே முதலில் தீர்மானிக்கின்றனர். சரவிளக்கா, கூரையில் பதிக்கும் சிறு விளக்குகளா, சுவரோரம் ஓடும் ஸ்டிரிப் லைட்டா என்பது முடிவாகி, பணமும் கொடுத்த பிறகே, அந்த ஒளி எதன்மேல் விழப்போகிறது என்ற கேள்வி எழுகிறது. வரிசை இதற்கு நேர்மாறாக அமைய வேண்டும். சுவர், முகம், புத்தகம், படம், படிக்கட்டு என எந்தெந்தப் பரப்புகள் ஒளிபெற வேண்டும் என்பதைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ற இடத்தையும், இடத்துக்கேற்ற விளக்கையும் பின்னர் தேர்ந்தால், வாங்க வேண்டிய விளக்குகளின் எண்ணிக்கை பெரும்பாலான வீடுகளில் பாதியாகக் குறைந்துவிடும்.

இதை விளங்கிக்கொள்ள ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான நகரம் அரிது. பழைய நகரில் சார்மினாருக்கு அருகேயுள்ள சௌமஹல்லா அரண்மனையின் கில்வத் என்னும் தர்பார் மண்டபத்தில் பெல்ஜியக் கண்ணாடியாலான 19 சரவிளக்குகள் தொங்குகின்றன. ஃபலக்னுமா அரண்மனையில் 101 பேர் அமரும் உணவு மேசை கொண்ட கூடத்திலும் அதே மரபைக் காணலாம். நகரின் திருமண மண்டபங்களிலும் கச்சிபௌலி, கொண்டாபூர் பகுதிகளின் புதிய அடுக்குமாடி வீடுகளிலும் சரவிளக்கின்மேல் நீடிக்கும் மோகத்துக்கு இவ்வரண்மனைகளே ஊற்று எனக் கொள்ளலாம். ஆனால் அந்த விளக்குகள் ஏன் அங்கே அழகாக இருக்கின்றன என்பதை ஆராயாமல் அவற்றின் உருவத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவதால்தான் ஏமாற்றம் நேர்கிறது.

கண்ணாடிச் சரவிளக்கு மெழுகுவர்த்தியின் காலத்தில் உருவான அமைப்பு. ஒரு விளக்கு எல்லாத் திசைகளிலும் வெளியிடும் மொத்த ஒளியை அளக்கும் அலகு லூமன் எனப்படும்; ஒரு மெழுகுவர்த்தி தருவது ஏறத்தாழ 12 லூமன் மட்டுமே. இவ்வளவு மெல்லிய சுடரைப் பட்டை தீட்டிய கண்ணாடித் துண்டுகள் சிதறடித்து, ஒரு புள்ளியைப் பல புள்ளிகளாகக் காட்டின. விளக்கு மனிதர் தலைக்கு வெகு உயரத்தில் தொங்கியதால் அந்தப் புள்ளிகள் பார்வைக் கோட்டில் குறுக்கிடவில்லை. வெண்சாந்துச் சுவர்கள் எஞ்சிய ஒளியைத் திருப்பித் தந்தன. 1920இல் ஹுசைன் சாகர் கரையில் அனல் மின் நிலையம் அமைந்து மின்சாரம் நகரில் பரவுவதற்கு முற்பட்ட உலகத்துக்கான தீர்வு அது. இன்று ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறக்குறைய 900 லூமன், அதாவது எழுபதுக்கு மேற்பட்ட மெழுகுவர்த்திகளின் ஒளியைத் தருகிறது. அத்தகைய பல்புகள் எட்டினைத் தெளிந்த கண்ணாடிக்குள் வைத்து, ஒன்பதரை அடி உயரக் கூரையிலிருந்து தொங்கவிட்டால், சோபாவில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக எட்டு கூசும் புள்ளிகள் நிற்கும். அவர் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்.

சரவிளக்கு வேண்டவே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. மேற்கு மாரெட்பள்ளி, பத்மாராவ் நகர் போன்ற செகந்திராபாத் பகுதிகளில் எஞ்சியிருக்கும் உயர்ந்த கூரையுள்ள தனிவீடுகளிலும், இரண்டு மாடி உயரக் கூடம் கொண்ட வில்லாக்களிலும் அது பொருந்தும். கூடத்தின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டிவரும் எண்ணை அங்குலமாகக் கொள்வது அதன் விட்டத்துக்கான நடைமுறை விதி. 12 அடிக்கு 16 அடி கூடமெனில் 28 அங்குலம் போதும். மக்கள் நடமாடும் இடத்தில் அதன் அடிப்பகுதி தரையிலிருந்து ஏழடிக்குக் கீழே இறங்கக் கூடாது. உள்ளே இடும் பல்புகள் ஒவ்வொன்றும் 200 முதல் 250 லூமனுக்குள், பால்நிறக் கண்ணாடி கொண்டவையாக இருந்தால் கூச்சம் தணியும். அதைக் கூடத்தின் ஒரே விளக்காகக் கருதாமல், அணிகலனாக மட்டும் கருதுவது நல்லது.

பகலொளியும் திசையும்

இரவு விளக்கைத் திட்டமிடுவதற்கு முன் அதே கூடத்தின் பகலொளியைக் கவனிக்க வேண்டும். ஹைதராபாத் வடக்கு அட்சம் 17.4 பாகையில் உள்ளது. அதனால் மே இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சற்றே வடக்கு நோக்கிச் சாய்ந்து செல்லும். வடக்குப் பால்கனியில் வெயிலே வராது என்ற நம்பிக்கை இவ்வூரில் முழு உண்மையன்று. அந்தப் பருவத்தில் காலையிலும் மாலையிலும் அங்கே வெயில் எட்டிப்பார்க்கும். டிசம்பரில் நண்பகல் சூரியன் 49 பாகை உயரத்துக்கு மேல் ஏறாததால் தெற்குச் சன்னல் வழியே ஒளி கூடத்தின் உட்பகுதிவரை நுழையும். மேற்கு நோக்கிய கூடங்களுக்குத்தான் தொல்லை அதிகம். ஜூன் மாதத்தில் சூரியன் ஏழு மணியை நெருங்கும்போதுதான் மறைவதால், தொலைக்காட்சி எந்தச் சுவரில் வருகிறது என்பதை விளக்குக்கு முன்பே சன்னல் தீர்மானித்துவிடுகிறது: சன்னலுக்கு எதிர்ச்சுவரில் வைத்தால் திரையில் வானம் தெரியும், சன்னலை ஒட்டி வைத்தால் கண் கூசும், சன்னலுக்குப் பக்கச் சுவரே பொருத்தம். நவம்பர் பிற்பகுதியில் ஐந்தே முக்கால் மணிக்கே இருட்டத் தொடங்குவதையும் சேர்த்துப் பார்த்தால், கூடத்து விளக்கு ஆண்டு முழுதும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் எரியும் பொருளன்று என்பது புலப்படும்.

எவ்வளவு ஒளி வேண்டும்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் லூமன்களின் எண்ணிக்கையே லக்ஸ் எனப்படுகிறது. பேச்சுக்கும் நடமாட்டத்துக்கும் 100 முதல் 150 லக்ஸ் போதுமானது. நாளிதழ் வாசிப்பதற்கும் பூத்தொடுப்பதற்கும் அந்த இடத்தில் மட்டும் 300 லக்ஸ் வரை தேவைப்படும். மேலே கூறிய 12 அடிக்கு 16 அடி கூடத்தின் பரப்பு ஏறத்தாழ 18 சதுர மீட்டர். 150 லக்ஸுக்கு 2,700 லூமன் விழ வேண்டும். விளக்கிலிருந்து புறப்படும் ஒளியில் கிட்டத்தட்டப் பாதி கூரையிலும் சுவரிலும் உறிஞ்சப்படுவதாகக் கணக்கிட்டால், மொத்தம் 5,400 லூமன் தேவை. தரமான எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 90 முதல் 100 லூமன் தருவதால் 60 வாட்டுக்குள் கூடம் முழுதும் நிறைவாகிவிடும். இக்கணக்கோடு ஃபால்ஸ் சீலிங் ஒப்பந்தக்காரர்கள் வழக்கமாக வரைந்து தரும் படத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி: அதில் 12 வாட் விளக்குகள் பதினாறு இருந்தால், 17,000 லூமனுக்கு மேல், அதாவது தேவையைப்போல் மூன்று மடங்கு ஒளி கூரையிலிருந்து தரைக்கு நேராகக் கொட்டும். விட்ரிஃபைட் டைல்ஸ் பதித்த பளபளப்பான தரை அந்தப் பதினாறு புள்ளிகளையும் அப்படியே திருப்பிக் காட்டும். சில வாரங்களில் வீட்டார் அவற்றில் நான்கை மட்டும் எரிக்கப் பழகிவிடுவர். மற்றவை விருந்தினர் வரும் நாளுக்கென ஒதுங்கிவிடும்.

இக்கணக்கில் ஒரு திருத்தம் உண்டு. அறுபது வயதானவரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. தாத்தாவோ பாட்டியோ உடனிருக்கும் வீட்டில் கூடம் முழுவதையும் மும்மடங்கு வெளிச்சமாக்குவது தீர்வாகாது. முதியோரின் கண் கூச்சத்தையும் கூடுதலாக உணர்வதால் அது தீங்காகவே முடியும். அவர் வழக்கமாக அமரும் நாற்காலியின் அருகே நிழற்குடை கொண்ட நிலைவிளக்கு ஒன்றை, குடையின் கீழ்விளிம்பு அமர்ந்தவரின் கண்மட்டத்துக்கு, அதாவது தரையிலிருந்து சுமார் 40 அங்குல உயரத்துக்கு வருமாறு நிறுத்துவதே சரியான உதவி. கூடத்தில் செலவிடும் முதல் தொகை இந்த விளக்குக்கே போக வேண்டும். நடைமுறையில் இதற்குத்தான் பணம் மிஞ்சுவதில்லை.

ஒளியின் நிறம்

வெள்ளொளியின் சூட்டையும் குளிர்ச்சியையும் கெல்வின் என்னும் அலகால் குறிப்பர். எண்ணெய்ச் சுடர் 2000 கெல்வினுக்கு அருகிலும், பழைய குண்டு பல்பு 2700க்கு அருகிலும், மேகம் மூடிய பகல் வானம் 6500க்கு அருகிலும் வரும். டியூப்லைட்டின் வழியே இந்தியக் கண்கள் 6500க்குப் பழகிவிட்டன; 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியே எல்.இ.டி. பல்பு மலிந்த பின்னரும் வெள்ளை என்றால் நீலம் கலந்த வெள்ளையே என்ற எண்ணம் மாறவில்லை. மஞ்சள் ஒளியில் வீடு மங்கலாகத் தெரியும் என்று அஞ்சுவோர் ஒளியின் நிறத்தையும் அளவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். ஒரே லூமன் தரும் இரு விளக்குகள், நிறம் வேறானாலும், ஒரே அளவு வெளிச்சமே தருகின்றன. கூடத்தின் பொது ஒளிக்கு 3000 கெல்வினும், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் மேசைக்கு 4000 கெல்வினும் ஏற்றவை. ஒரே பார்வையில் விழும் விளக்குகளில் இரண்டு நிறங்களுக்கு மேல் கலந்தால் அறை கடைத்தெருவாகத் தோன்றும். பூசை மாடம் கூடத்திலேயே அமைந்த வீடுகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும்: 6500 கெல்வின் விளக்கு மேலே எரியும்போது குத்துவிளக்கின் சுடர் ஒளியிழந்து வெறும் புள்ளியாகிவிடும். அம்மாடத்துக்கு அருகேயுள்ள விளக்குக்குத் தனிச் சுவிட்ச் இருந்தால், வெள்ளிக்கிழமை மாலையில் அதை அணைத்துச் சுடருக்கு இடம்விட முடியும்.

நிறத்தைவிடக் குறைவாகக் கவனிக்கப்படுவது நிறங்காட்டும் திறன். எல்.இ.டி.யின் உட்பகுதி உண்மையில் நீல ஒளியையே தருகிறது. அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் அதன் ஒரு பகுதியை மாற்றி வெள்ளையாகக் காட்டுகிறது. மலிவான பூச்சில் சிவப்பு அலைநீளங்கள் குறைவாக இருப்பதால், அரக்குப் பட்டு பழுப்பாகவும், குங்குமம் மங்கலாகவும், மனிதத் தோல் வெளிறியும் தெரியும். சி.ஆர்.ஐ. எனப்படும் எண் 100க்கு இத்தனை என்று இத்திறனைக் குறிக்கும். 80 பரவலானது, 90 சிறந்தது. ஆனால் அந்த எண் எட்டு மென்னிறங்களின் சராசரி. ஆழ்சிவப்பு அதில் சேராது, ஆர்9 என்ற தனி எண்ணாகவே தரப்படும். தஞ்சாவூர் ஓவியமோ பட்டுச்சேலை அணிந்த விருந்தினரோ இருக்கும் கூடத்துக்கு சி.ஆர்.ஐ. 90ம், ஆர்9 50க்கு மேலும் உள்ள விளக்கைக் கேட்டு வாங்குவது வீண்செலவாகாது. படிக்கட்டுக்கும் பால்கனிக்கும் அது தேவையில்லை.

விசிறியோடு வாழ்தல்

மேலைநாட்டு வழிகாட்டி நூல்கள் பேசாத ஒரு பொருள் தென்னிந்தியக் கூடத்தின் நடுவில் சுழல்கிறது. 1200 மில்லிமீட்டர் விசிறியின் இறக்கை மையத்திலிருந்து இரண்டடி நீளும்; கூரையிலிருந்து ஏறக்குறைய ஓரடி கீழே நிற்கும். இறக்கைக்கு மேலே உள்ள விளக்கின் ஒளிக்கூம்பை அது ஒவ்வொரு சுற்றிலும் வெட்டுவதால், சுவரிலும் புத்தகத்திலும் நிழல் துடிக்கும். தலைவலிக்குக் காரணம் தெரியாமல் கண்ணாடியை மாற்றிக்கொள்வோரும் உண்டு. 60 பாகை விரியும் பதிவிளக்கை விசிறியின் மையத்திலிருந்து மூன்றடிக்கு அப்பாலும், அகல விரியும் பேனல் லைட்டை நான்கடிக்கு அப்பாலும் வைத்தால் கூம்பு இறக்கையைத் தொடாது. சரவிளக்கும் விசிறியும் ஒரே கூடத்தில் வேண்டுமெனில், கான்கிரீட் போடும் முன்பே இரண்டு கொக்கிகள், குறைந்தது ஆறடி இடைவெளியில் விடப்பட வேண்டும்.

துடிப்பு விளக்கிலிருந்தும் வரலாம். இந்திய மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. விளக்கோடு இணையும் டிரைவர் என்னும் மின்மாற்றுப் பெட்டி தரமற்றதாயின், ஒளி வினாடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். கண் நேராக உணராவிடினும் சுழலும் இறக்கை அதைக் காட்டிக்கொடுக்கும்: ஒரே இறக்கை பலவாகவோ, பின்னோக்கிச் சுழல்வதாகவோ தோன்றும். கைப்பேசியின் ஸ்லோ மோஷன் படப்பதிவில் விளக்கைப் பார்த்தால் கடையிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். விசிறி ரெகுலேட்டரில் விளக்கை இணைத்து ஒளியைக் குறைக்க முயல்வது இத்துடிப்பை வருவிக்கும் இன்னொரு வழி. ஒளியைக் குறைக்க வேண்டுமானால் டிம்மர் ஏற்கும் டிரைவரும் அதற்குரிய டிம்மரும் சேர்ந்தே வாங்கப்பட வேண்டும்.

கூரையும் சுவரும்

ஃபால்ஸ் சீலிங்கின் உண்மையான பயன் கோவ் லைட் எனப்படும் மறைவொளி. விளிம்புக்குப் பின்னே ஒளிந்திருக்கும் ஸ்டிரிப் கூரையை ஒளியூட்ட, கூரை அதை மென்மையாக அறையெங்கும் பரப்புகிறது. இதற்கு விளிம்புக்கும் கூரைக்கும் இடையே குறைந்தது ஆறங்குல இடைவெளி வேண்டும். இரண்டு மூன்று அங்குலத்தில் முடித்துவிட்டால் கூரை ஒளிராமல், ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் எரியும். நகரில் புதிதாகக் கட்டப்படும் பல வீடுகளில் காணக்கிடைப்பது இந்தக் கோடுதான். உயரம் ஒன்பதடிக்கும் குறையும் கூடத்தில் அறையின் நான்கு புறமும் இறக்காமல், ஒரு சுவரோரம் மட்டும் இறக்கி அச்சுவரை நனைத்தாற்போல் ஒளியூட்டுவது மேல். நீண்ட ஓட்டத்துக்கு 12 வோல்ட் ஸ்டிரிப்பைவிட 24 வோல்ட் ஸ்டிரிப் ஏற்றது, ஏனெனில் மின்னழுத்த இழப்பால் கடைசி முனை மங்குவது அதில் குறைவு. டிரைவரைக் கூரைக்குள் மூடிப் பூசிவிடக் கூடாது, எல்.இ.டி. விளக்குகளில் முதலில் சாவது பெரும்பாலும் டிரைவரே என்பதால், கைநுழையும் அளவுக்குத் திறப்பு ஒன்று விட்டுவைத்தால் பிற்காலத்தில் ஜிப்சம் பலகையை உடைக்க நேராது.

சுவரில் தொங்கும் ஓவியத்துக்குத் தனியொளி தரும்போது கோணமே முக்கியம். நேர்கீழ்க்கோட்டிலிருந்து 30 பாகை சாய்ந்து வரும் ஒளி, கண்ணாடியிட்ட தஞ்சாவூர் ஓவியத்தின் பளபளப்பைப் பார்ப்பவர் கண்ணுக்குத் திருப்பாமல் தரைக்கு இறக்கிவிடும். தங்க ரேக்கின் புடைப்பு மென்னிழலோடு எழும். பீதர் நகர உலோக வேலைப்பாட்டின் கரும்பரப்பில் பதிந்த வெள்ளிக்கும் இவ்விதியே பொருந்தும். 36 பாகை விரியும் விளக்கு இரண்டு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1.3 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை ஒளியூட்டும் என்பதை மனத்தில் கொண்டு ஓவியத்தின் அளவோடு பொருத்திப் பார்க்கலாம்.

நவராத்திரிக் கொலுவுக்குக் கூடத்தின் ஒரு மூலையை ஒதுக்கும் தமிழ்க் குடும்பங்கள், அம்மூலைக்கு எதிரே சுவரின் இரு பக்கமும் ஆறடி உயரத்தில் தலா ஒரு மின்முனையை வீடு கட்டும்போதே கேட்டு வாங்க வேண்டும். கூரைவிளக்கு மட்டும் எரிந்தால் மேற்படியின் நிழல் கீழ்ப்படிப் பொம்மைகள்மேல் விழுந்து, பொம்மைகளின் நெற்றியில் மட்டும் ஒளி நிற்கும். படிக்கு அடியில் வைத்த விளக்கோ முகங்களை அச்சமூட்டுவதாக்கும். முன்புறம் இருபக்கமும் 45 பாகையில் வரும் 3000 கெல்வின் ஒளி, ஒரு பக்கம் சற்று வலிவாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருந்தால், மரப்பாச்சியின் மூக்கும் செட்டியார் பொம்மையின் தொந்தியும் உருவம் பெறும். சீரியல் லைட் அலங்காரம் மட்டுமே. அது பொம்மையைக் காட்டாது.

வாங்குதலும் வயரிங்கும்

கோட்டியை ஒட்டிய ட்ரூப் பஜார் ஹைதராபாத்தின் மின்பொருள் சந்தை. விளக்குகளும் வயரும் சுவிட்சும் மொத்தமாகவும் சில்லறையாகவும் அங்கே கிடைக்கும். அக்கடைகளில் எல்லா விளக்குகளும் ஒருசேர எரிவதால், எந்த விளக்கும் அதன் இயல்பைக் காட்டாது. தேர்ந்த விளக்கு ஒன்றை மட்டும் எரியச்செய்து, அதன் கீழே உள்ளங்கையையும் வீட்டிலிருந்து கொண்டுபோன அரக்குநிறத் துணியையும் நீட்டிப் பார்ப்பது எளிய சோதனை. பெட்டியின்மேல் வாட் மட்டுமே பெரிதாக அச்சிட்டிருந்தால் லூமனைத் தேடிப் பார்க்க வேண்டும், பி.ஐ.எஸ். முத்திரையும் எரிசக்திச் சிக்கன வாரியத்தின் நட்சத்திரச் சீட்டும் இருக்க வேண்டும். 25,000 மணி நேரம் என்ற வாக்குறுதி, அதுவரை அணையாது என்பதைக் குறிப்பதில்லை, அப்போது ஒளி எழுபது விழுக்காடாகக் குறைந்திருக்கும் என்பதையே குறிக்கிறது. நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் அது பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல். ஒரே வகை விளக்குகளை ஒரே கொள்முதலில், இரண்டு கூடுதலாக வாங்கிவைப்பது நல்லது. அடுத்த ஆண்டு வரும் சரக்கில் அதே 3000 கெல்வின் கண்ணுக்குப் புலனாகுமளவு வேறுபடலாம்.

வயரிங் படத்தைச் சுவர் பூசும் முன்பே எலக்ட்ரீஷியனிடம் தர வேண்டும். கட்டுநர்கள் தொலைக்காட்சிச் சுவரில் ஐந்தாறு பிளக்குகளை வைத்துவிட்டு, சோபாவின் இரு மூலைகளையும் வெறுமையாக விடுவது வழக்கம். நிலைவிளக்குக்கு அவ்விரு மூலைகளிலும் 6 ஆம்பியர் முனை அவசியம். கூரையொளி, சுவரொளி, மூலைவிளக்கு ஆகிய மூன்றும் தனித்தனிச் சுவிட்சில் இருந்தால்தான் மாலைக்கும் விருந்துக்கும் திரைப்படத்துக்கும் கூடம் வேறுவேறாகும். வாயிலருகில் ஒன்றும் உள்வழியில் ஒன்றுமாக இருவழிச் சுவிட்ச் அமைத்தால் இருளில் தடவிச் செல்ல வேண்டியிராது. இன்வெர்ட்டர் இணைப்பைப் பொறுத்தவரை, ஏப்ரல், மே மாதங்களின் திடீர்ப் புயல்மழையில் மின்சாரம் போகும்போது எரிய வேண்டியது கூரையின் நடுவிளக்கன்று; முதியவர் நாற்காலியருகே உள்ள விளக்கும், மாடிப்படிக்குத் திரும்பும் வழியிலுள்ள விளக்கும், விசிறியும் அந்தச் சர்க்யூட்டில் சேர்ந்திருந்தால் 30 வாட்டில் விளக்குத் தேவை முடிந்துவிடும், எஞ்சிய மின்கல ஆற்றல் விசிறிக்கு உதவும்.